மன்னாரும் மகாபொலவும்: போனவர்களின் கணக்கு

சில மாதங்களுக்கு முன்னர் மன்னாருக்குச் சென்றிருந்தபோது பேசாலைக் கடற்கரையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதியாண்டு பயில்பவர், மகாபொல புலமைப்பரிசில் பெறுபவர், தந்தையார் கடற்றொழிலாளி. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணமும், கரைசேர்ந்த மீனின் நிறையும், எரிபொருட் செலவும் ஒரு கொப்பியில் எழுதப்பட்டு, கணக்குப் பார்க்கும் நாளில் சச்சரவாக முடிவதைச் சிறுவயது முதல் கண்டவர். அந்தக் கணக்கை இரு தரப்பாரும் கைத்தொலைபேசியில் பார்க்கும்படி ஒரு செயலி எழுதி, அதையே தொழிலாக நடத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"தம்பி, இங்கேயே இருந்து செய்யப் போகிறீரோ?" என்று கேட்டேன்.

"ஆசைதான் ஐயா. ஆனால் முதலில் கொழும்பில் ஒரு வேலை எடுக்க வேண்டும். வீட்டில் கடன் இருக்கிறது" என்றார்.

அவர் சொன்ன அந்த 'ஆனால்' மன்னாருக்குப் புதியதன்று. அதன் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

1914-ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. இருபுறமும் புகையிரதம், நடுவே கப்பல். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் மேற்படிப்புக்காகச் சென்னைக்கும், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் சென்ற மாணவர்கள் பலர் இவ்வழியாகவே போனார்கள். மன்னார்த் தீவின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்தப் புகையிரதத்தைப் பார்த்தவர்களேயன்றி அதில் ஏறிப் படிக்கப் போனவர்கள் அல்லர். கல்வி அவர்களுடைய ஊரின் ஊடாகக் கடந்து போயிற்று, அங்கே இறங்கவில்லை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990-இல் போர் புகையிரதப் பாதையையும் இல்லாமற் செய்தது.

மன்னார்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்த விதம் நம்மவர் பலர் பேச விரும்பாத ஒன்று. 1971-இல் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. அது அநீதி என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆயுதம் நோக்கித் திரும்பியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் 1974-இல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீடு மற்றொரு விளைவையும் தந்தது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அருமையாயிருந்த மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் பயிலும் வாய்ப்பு அதனால் பெருகியது. ஒரே கொள்கை ஒரு தமிழருக்கு அடைத்த கதவாகவும் இன்னொரு தமிழருக்குத் திறந்த கதவாகவும் இருந்தது. இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள். எனினும் மன்னாரில் நின்றுகொண்டு எழுதுபவன் இதை மறைத்தல் தகாது.

அந்தக் கதவு எவ்வளவு அகலமானது? பிற்காலத்தில் நிலைபெற்ற முறையின்படி விஞ்ஞானத்துறைப் பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில்; 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி; 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் சனத்தொகையோ இரண்டு கோடிக்கு மேல். அதாவது இருநூறில் ஒரு பங்கு. ஒரு பாடநெறிக்கு 200 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டப் பங்கு 110. அதில் மன்னாருக்கு உரியது அரை இடம். எஞ்சும் 10 இடங்களைப் பதினாறு மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணினி விஞ்ஞானம் பயிலும் மன்னார் மாணவர் ஒருவரைக் காணும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

இடம் கிடைத்தாற் போதுமா? சாப்பிட வேண்டுமே. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே மகாபொல. 'பெருஞ்சந்தை' என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி நடத்திய வர்த்தகக் கண்காட்சிகளின் வருவாயைக் கொண்டு 1981-இல் சட்டமூலம் நிதியம் அமைக்கப்பட்டது. லொத்தர் வருவாயும் பின்னர் சேர்ந்தது. சந்தையில் ஈட்டிய பணம் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு! நான் கலைப்பீடத்தில் பயின்ற காலத்தில் எனக்கும் அது கிடைத்தது. அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் எங்களுள் பலர். யாருடைய நிதி என்று நாங்கள் கேட்கவில்லை, பசி கேட்கவிடவில்லை.

போர்க்காலத்தில் மன்னாரின் கல்வி பட்ட பாடு தனிநூலாக எழுதத் தக்கது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரின் முஸ்லிம் பிள்ளைகளில் ஒரு தலைமுறை புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகள் மடுவுக்கும், வன்னிக்கும், படகேறி மண்டபத்துக்கும் இடம்பெயர்ந்தனர். இவற்றுக்கு நடுவேயும் சில விதைகள் ஊன்றப்பட்டன. வவுனியாவில் 1991-இல் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1997-இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021-இல் தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானமும் வியாபாரக் கற்கைகளும் அங்கே ஒரே வளாகத்தில் வளர்ந்தன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000-இல் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. வெட்டுப்புள்ளி தவறியவர்க்கும் ஒரு வழி பிறந்தது.

2015-இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் தன்னார்வலர்கள் 'யாழ் ஐரி ஹப்' அமைத்து இளையோரைத் தொழில் முயற்சிக்குத் தூண்டினர். ஊரைவிட்டுப் போகாமலே செய்யத்தக்க உயர்தொழில் என்று கணினித் துறையை எல்லோரும் போற்றினோம். நானும் எழுதினேன். ஆனால் 2022-இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது மடிக்கணினி எட்டாப் பொருளாயிற்று. புலமைப்பரிசிலோ மாதம் 5,000 ரூபாயிலேயே நின்றது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. மன்னார்க் கரையில் 2020-இல் திறக்கப்பட்ட காற்றாலைகள் முப்பதும் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்த காலம் அது! வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேபால் மூலம் பணம் பெறவும் இலங்கையருக்குப் பல்லாண்டுகள் வழியிருக்கவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது, வரவேற்கத்தக்கதே.

ஆயினும் குறை தொகையில் மட்டும் இல்லை. நமது புலமைப்பரிசில்கள் யாவும், அரசினுடையதாயினும் புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களுடையதாயினும், பட்டமளிப்பு நாளோடு முடிந்துவிடுகின்றன. எத்தனை பேரை அனுப்பினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். எத்தனை பேர் திரும்பினர் என்று எழுதுவதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பட்டமில்லாத இளையோருக்கு மாத உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையும் கொடுத்து வருகிறது. ஊரிலிருந்தே மென்பொருள் செய்து உலகுக்கு விற்கலாம் என்பதற்கு அது சான்று. அங்கே ஒரு நிறுவனம் தாங்கியது. மன்னாரில் அத்தகைய நிறுவனம் இல்லாதபோது தாங்க வேண்டியவர்கள் நாமே.

ஆகவே ஊர்ச்சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்து மாணவருக்குக் கொடுக்கும் நிதியில் இருவருக்கானதை ஒதுக்கி, பட்டம் பெற்று ஊர் திரும்பித் தொழில் தொடங்கும் ஒருவருக்கு ஈராண்டுகள் மாதச் சம்பளம்போலக் கொடுங்கள். தொழில் தோற்றால் திருப்பிக் கேளாதீர்கள். வீட்டுக்கடனுக்கு அஞ்சிக் கொழும்புக்குப் போகிறவரை அதுவே நிறுத்தும்.

பேசாலை இளைஞர் தமது செயலியின் முதல் வடிவத்தை எனக்குக் காட்டினார். தந்தையாரின் கொப்பியிலிருந்த ஒரு மாதக் கணக்கு அதில் இருந்தது. அருகிலிருந்த தந்தையார் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளின் நிறை பிழை என்று சொன்னார். மகன் அங்கேயே திருத்தினார். அடுத்த ஆண்டு நான் மீண்டும் போவேன். அவர் அங்கே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.