கரைப்பனி உறையும் நாள்: 2011 நவம்பர் பெரிங் கடற்புயலை எதைக்கொண்டு அளப்பது?

2011 நவம்பர் 8, 9 தேதிகளில் அலாஸ்காவின் மேற்குக் கரையைத் தாக்கிய புயல், பெரிங் கடலின் மிகக் கடுமையான புயல்களுள் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதன் மைய அழுத்தம் ஏறத்தாழ 943 மில்லிபார் வரை இறங்கியது. பெரிங் நீரிணையை ஒட்டிய ஊர்களில் காற்று மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. அன்றைய செய்திகள் இந்த இரண்டு எண்களையே பிடித்துக்கொண்டன. பின்னர் வந்த எழுத்துகளும் பெரும்பாலும் அவற்றைத் தாண்டவில்லை. அக்கரையில் புயலின் கொடுமையை நிர்ணயிப்பதில் இவ்வெண்களுக்குச் சமமான பங்கு வேறொன்றுக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். புயல் வந்த தேதிக்கும், கரையோரக் கடல் உறைந்து நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் தேதிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது.

வங்கக் கடல் புயல்களை அறிந்த நமக்கு இந்தப் புயலின் பிறப்பே அந்நியமானது. நம் புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். பெரிங் கடற்புயலோ ஆர்க்டிக்கின் குளிர்காற்றும் பசிபிக்கின் வெப்பக்காற்றும் மோதும் வேறுபாட்டில் வலுப்பெறுகிறது. அந்த வேறுபாடு கூர்மையாகும் காலம் இலையுதிர்காலத்தின் பிற்பகுதி. கரைக்கடல் உறையத் தொடங்குவதும் அதே வாரங்களில்தான். ஆகவே புயல்களின் நாள்காட்டியும் பனியின் நாள்காட்டியும் ஆண்டுதோறும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பனி முந்திக்கொண்டால் கடும் புயலும் பனிமேல் காற்றாக வீசிவிட்டுப் போகும். புயல் முந்திக்கொண்டால் கடல் ஊருக்குள் வரும்.

அது எப்படி ஊருக்குள் வருகிறது என்பதற்குக் கடலடியைப் பார்க்க வேண்டும். நோம் நகரம் அமைந்துள்ள நார்ட்டன் விரிகுடா பெரும்பாலும் 20 மீட்டருக்கும் குறைந்த ஆழம் உடையது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது பாடநூல் கணக்கு. அதன்படி 943 மில்லிபாருக்கு 70 சென்டிமீட்டர் வரும். மிச்சம் முழுவதும் காற்றின் வேலை. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று ஆழமற்ற நீரை விரிகுடாவின் மூலைக்குத் தள்ளிக் குவிக்கிறது. ஆழம் போதாததால் அந்த நீர் அடிவழியே திரும்பிப் போக முடிவதில்லை. நோமில் அன்றாட ஓத ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவே. அதனால் அங்கே மனிதர்கள் தண்ணீருக்கு மிக அருகில் குடியேறினார்கள். 1899இல் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைத்ததும் சேர்ந்துகொண்டது. 1913 அக்டோபரில் ஒரு புயல் அந்த ஊரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. நோமின் கடலோரத் தெருவைக் காக்கும் கருங்கல் தடுப்புச் சுவர் 1950களின் தொடக்கத்தில்தான் எழுந்தது.

இனி பனி. நிலத்தோடு உறைந்து ஒட்டிய கரைப்பனி அலையைக் கரைக்கு வரும் முன்பே அடக்கிவிடும். விலகி நிற்கும் பெரும்பனிப் பரப்பும் காற்று தடையின்றி நீர்மேல் ஓடும் தூரத்தைக் குறைக்கும். இவ்விரண்டும் எல்லோரும் எழுதுவது. நார்ட்டன் விரிகுடாவின் ஷக்தூலிக் போன்ற ஊர்களின் மக்கள் கண்டு சொல்லும் இன்னொரு நிலை இதைவிட ஆர்வமூட்டுவது. கடல் உறையும் தறுவாயில் நீர் கூழ்போலக் கெட்டியாகிறது. அந்த நேரத்தில் புயல் வந்தால் அலைகளே அந்தப் பனிக்கூழை வாரிக் கரைமேல் எறிகின்றன. அது மேடாகக் குவிந்து உறைந்து ஒரு கரைபோல நிற்கிறது. பின்னே வரும் அலைகள் அதன்மேல் மோதி உடைகின்றன. ஊரைத் தாக்க வந்த புயலே ஊருக்கு ஒரு தடுப்பைக் கட்டிவிட்டுப் போகிறது. சில நாள் முன்னதாக, நீர் போதிய அளவு குளிராத நிலையில், அதே அழுத்தமும் அதே காற்றும் கொண்ட புயல் வந்திருந்தால் இந்த மேடு எழுந்திருக்காது. ஒரு வாரத்தின் வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பனி எப்போதும் காவல் என்று சொல்லிவிட முடியாது. துண்டுதுண்டாக மிதக்கும் பனி கடற்பரப்பைச் சொரசொரப்பாக்கிக் காற்றுக்குக் கூடுதல் பிடிமானம் தருகிறது. அதனால் நீர் அதிகமாகத் தள்ளப்பட்டு, அலையெழுச்சி குறைவதற்குப் பதில் கூடலாம் என்று கணினி மாதிரி ஆய்வுகள் காட்டியுள்ளன. புயல் நீரோடு வரும் பனிப்பாளங்கள் வீட்டுச் சுவரை இடிக்கும் என்பதும் கரைவாசிகளுக்குத் தெரிந்ததே. இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, திருத்திக் கூர்மையாக்குகிறது. கணக்கில் கொள்ள வேண்டியது கடலில் எவ்வளவு பனி இருக்கிறது என்பதன்று, அது கரையைப் பிடித்துக்கொண்டதா என்பதே. செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியாகும் பனிப்பரப்பு எண்கள் முதல் கேள்விக்கே விடை சொல்கின்றன.

அந்த எண்களின் போதாமையை 2011–12 குளிர்காலமே அம்பலப்படுத்தியது. நவம்பர் புயலில் நோமின் கடலோரத் தெருவுக்குத் தண்ணீர் வந்தபோது கரையைக் காக்கப் பனி இல்லை. அதே குளிர்காலம் முடிவதற்குள், 2012 மார்ச்சில், பெரிங் கடலின் பனிப்பரப்பு செயற்கைக்கோள் பதிவுக் காலத்திலேயே மிக அதிகமாக இருந்தது. ஆண்டின் உச்சத்தை மட்டும் பார்ப்பவர் 2012ஐப் பனி மிகுந்த நல்ல ஆண்டு என்றே எழுதுவார்.

நோம்வாசிகள் இந்த முரணை எரிபொருள் வழியாக அனுபவித்தார்கள். அலாஸ்காவின் மற்றப் பகுதிகளோடு நோமுக்குச் சாலைத் தொடர்பு இல்லை. குளிர்காலத்துக்கான டீசலும் பெட்ரோலும் கடல் உறையுமுன் கப்பலில் வந்தாக வேண்டும். அந்த இலையுதிர்காலத்தின் கடைசிச் சரக்கை நவம்பர் புயல் தடுத்தது. அதற்குள் கடல் உறைந்துவிட்டது. ‘ரெண்டா’ என்ற ரஷ்ய எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 49 லட்சம் லிட்டர் எரிபொருளுடன் புறப்பட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘ஹீலி’ பனியுடைக்கும் கப்பல் அதற்கு முன்னே சென்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பனியைப் பிளந்து வழி விட்டது. அன்றைய நிலையில் இயங்கக்கூடிய அமெரிக்கத் துருவப் பனியுடைப்பான் அது ஒன்றுதான். ஹீலி பிளந்த பாதை மீண்டும் உறைந்து ரெண்டாவை இறுக்கிப் பிடிக்க, ஹீலி திரும்பி வந்து அதை விடுவிக்க வேண்டியிருந்தது. 2012 ஜனவரி நடுவில் நோமுக்கு அருகே வந்து சேர்ந்த ரெண்டாவிலிருந்து உறைகடல்மேல் குழாய் விரித்து எண்ணெய் இறக்கினார்கள். நவம்பரில் வராத பனி ஜனவரியில் கப்பலைச் சிறைபிடித்தது. ஒரே குளிர்காலத்தில் பனி இன்மையாலும் பனி மிகுதியாலும் அவ்வூர் துன்பப்பட்டது என்றால் தேதியைத் தவிர வேறெதைக் கொண்டு இதை விளக்குவது?

இக்கரையின் வெள்ளங்களுக்குப் புயல்களின் வலிமை கூடியதே காரணம் என்ற விளக்கத்தை நான் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. 1974 நவம்பர் 11, 12இல் வந்த புயல் நோமில் 2011ஐவிட உயர நீரை ஏற்றியது. அது ஒதுக்கிய மிதவை மரங்களின் வரிசையைப் பிற்கால ஆய்வாளர்கள் வெள்ளத்தின் எல்லைக்கோடாகவே பயன்படுத்தினார்கள். கரைப்பனி சுணங்குவதற்கு முந்திய காலத்திலும் இத்தகைய புயல் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் மாறியது, புயல் நுழையக்கூடிய வாசல் திறந்திருக்கும் காலம். அலாஸ்காவின் வடக்கே பியூஃபோர்ட் கடலோரத்தில் நடந்த ஓர் ஆய்வு, 1979க்கும் 2009க்கும் இடையில் பனியற்ற நீர் நிற்கும் காலம் ஆண்டுக்குச் சுமார் 45 நாளிலிருந்து 95 நாளாக உயர்ந்ததைக் காட்டியது. வருகிற புயல் அதேதான். வந்தால் தட்டுப்படும் கதவு மூடியிருப்பதில்லை. நிரந்தர உறைமண்ணால் ஆன கரைகளில் இந்தக் கூடுதல் நாட்களில் அலை மண்ணை அடியில் குடைந்து உருக்குகிறது. ஷிஷ்மாரெஃப் மக்கள் 2016இல் தங்கள் தீவை விட்டு இடம்பெயர வாக்களித்ததன் பின்னணி இதுவே.

எல்லாவற்றையும் பனிக்கணக்கில் எழுதிவிடுவதும் பிழை. 2022 செப்டம்பரில் வந்த மெர்போக், 2025 அக்டோபரில் கிப்னுக், குவிகில்லிங்கோக் ஊர்களில் வீடுகளை அடித்துச் சென்ற ஹாலோங் இரண்டுமே பசிபிக்கில் சூறாவளிகளாகத் தொடங்கி, உருமாறி வடக்கே ஏறியவை. அவை வந்த நாட்களில், பனி சுணங்காத பழைய ஆண்டுகளிலும், கரைப்பனியை எதிர்பார்த்திருக்க முடியாது. அவற்றைக் கரைப்பனி இழப்புக்குச் சான்றாக அடுக்கும் கட்டுரைகள் தம் வாதத்துக்கே தீங்கு செய்கின்றன. அவற்றின் கதையைக் கடலின் வெப்பத்திலும் உருகித் தாழும் நிலத்திலும் தேட வேண்டும்.

புயலின் வலிமையைக் கொண்டு அளப்பதா, கரைப்பனியின் தேதியைக் கொண்டு அளப்பதா என்ற வேறுபாடு நடைமுறையில் தடுப்புச் சுவரின் உயரத்தில் வந்து நிற்கும். இத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீர்மட்டம் என்ற கணக்கில்தான் பொறியாளர்கள் அதை வடிவமைக்கிறார்கள். அந்த நீர்மட்டங்கள், பல புயல்கள் பனிமேல் வீணாகிப்போன ஆண்டுகளில் திரட்டியவை. கரையை எட்டாமல் போன புயல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பனி சுணங்கும் ஆண்டுகளுக்கு அக்கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு புயலின் பக்கத்திலும் அவ்வூரில் கரைப்பனி பிடித்த தேதியை எழுதி, பனி தடுத்த புயல்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் மெய்யான இடர் தெரியும். அத்தேதிகள் முதிய வேட்டைக்காரர்களிடம் இருக்கின்றன; ஓத அளவுக் கருவிகளோ அந்த நீண்ட கரையில் மிகச் சில.

இந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 பிப்ரவரியில் பெரிங் நீரிணையின் நடுவே உள்ள லிட்டில் டயோமீட் தீவின் ஊருக்குள் புயல் அலைகள் புகுந்தன. வழக்கமாகத் தீவைச் சுற்றிக் கடல் கல்லாக உறைந்திருக்கும் மாதம் அது. அந்தக் குளிர்காலத்தில் பெரிங் கடற்பனி அதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைவு. அங்கே கரைப்பனி உறைந்த நாள் என்று குறிக்கத்தக்க நாளே வரவில்லை. இடைவெளியை அளக்க இரண்டு முனை வேண்டும். லிட்டில் டயோமீட் அந்த ஆண்டு ஒன்றைத்தான் தந்தது.