போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப் பிழைகள்

பக்கத்தை விவரிக்கும் கணினி மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டை அடோபி நிறுவனம் 1984இல் உருவாக்கியது. மறு ஆண்டு வெளிவந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அதைப் பரவலாக்கியது. பக்கத்தை ஃபிலிமுக்கோ பிளேட்டுக்கோ உரிய புள்ளிகளாக்கும் ரிப், இந்த மொழியில் எழுதிய கோப்பை ஒரு நிரலாகவே இயக்குகிறது. இயக்க முடியாமல் போனால் பிழையின் பெயரையும் அப்போது ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் பெயரையும் அறிவித்துவிட்டு, கோப்பின் மீதியைப் படிக்காமல் தள்ளிவிடும். லிமிட்செக், விஎம்எரர், அன்டிஃபைன்ட் ஆகியவை அச்சு முன்தயாரிப்பில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள். பெயருக்கு ஒரு மருந்து என்று பட்டியலிடும் வழிகாட்டிகள் பல உண்டு. ஆனால் அறிவிப்பு சொல்வது ரிப் நின்ற இடத்தைத்தான்; நிற்கக் காரணமானது பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே கோப்பில் நடந்து முடிந்திருக்கும்.

லிமிட்செக் இதற்கு நல்ல சான்று. மொழியின் முதல் நிலையில், ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் பாதைகளின் புள்ளிகளுக்கு 1500 என்ற வரம்பு வழக்கமாக இருந்தது. வரைந்துகொண்டிருக்கும் பாதை மட்டுமல்ல; படத்தின் தெரியும் பகுதியை வரையறுக்கும் வெட்டுப்பாதையும், உள்ளமைந்த படத்துக்குள் நுழையும்போது சேமித்துவைத்த பழைய பாதைகளும் இந்தக் கணக்கில் சேரும். போஸ்ட்ஸ்கிரிப்டில் எழுதிய, பக்கத்தில் பதிக்கத்தக்க ஓர் இபிஎஸ் படத்துக்குள் இன்னொன்றை வைத்து, அதைப் பக்கத்தில் மறுபடி வெட்டிப் பொருத்தினால், வரம்பை உடைப்பது கடைசியாக வந்த எளிய வட்டமாகவும் இருக்கலாம். அறிவிப்பில் இடம்பெறுவது அந்த வட்டத்தின் கட்டளை. லேசர் அச்சுப்பொறியில் ஒழுங்காக வந்த பக்கம், ஃபிலிம் எடுக்கும் இமேஜ்செட்டரில் நின்றுபோவதற்கும் இங்கேயே விளக்கம் உண்டு. வளைவுகளை ரிப் சிறு நேர்கோடுகளாக உடைக்கிறது. வளைவிலிருந்து கோடு விலக அனுமதிக்கும் அளவை, அதாவது வளைவுப் பொறுப்பை, ஒரு புள்ளி என்று வைத்தால், 300 டிபிஐயிலிருந்து 2400 டிபிஐக்குப் போகும்போது கோடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கோப்பு மாறவில்லை, கருவி மாறியிருக்கிறது.

அன்டிஃபைன்ட் இன்னும் வஞ்சகமானது. போஸ்ட்ஸ்கிரிப்டில் கட்டளையும் படத் தரவும் ஒரே ஓடையில் வருகின்றன. படத்தின் அகல உயரம் கேட்கும் அளவுக்கு மேல் தரவு இருந்தால், எஞ்சிய பைட்டுகளை ரிப் கட்டளை என்று எண்ணிப் படிக்கத் தொடங்கும். அறிவிப்பில் தெரியும் கட்டளைப் பெயர் வெறும் குப்பை எழுத்துகளாக இருக்கும். விண்டோஸ் இபிஎஸ் கோப்பின் தலையில் முன்னோட்டத்துக்காகச் சேரும் இருமத் தகவலைச் செயலி நீக்காமல் அனுப்பினாலும் இதே பிழைப்பெயர்தான் வரும். ஒரே பெயர், தொடர்பில்லாத இரண்டு காரணங்கள். விஎம்எரரும் அப்படியே: முன்னர் இறக்கிய எழுத்துருக்கள் நினைவகத்தை அடைத்துவைத்திருக்க, கடைசியாக வந்த எழுத்துருவின்மேல் பழி விழும்.

எனவே பெயரைப் படிப்பது தொடக்கம் மட்டுமே. பக்கத்தில் பாதிப் பொருள்களை நீக்கி அனுப்பி, பிழை எந்தப் பாதியில் தங்குகிறது என்று சுருக்கிக்கொண்டே போவதுதான் நம்பத்தக்க வழி. பிழை வந்தால் பக்கத்தை வெளியேற்றும் கட்டளையை ரிப் எட்டுவதே இல்லை. அதனால் காகிதம் வராது. அடோபியின் பிழைகையாளும் சிறு நிரலை முன்னதாக ஏற்றிவைத்தால், அதுவரை வரைந்த பக்கமும் நிரலின் அடுக்கில் (ஸ்டேக்) இருந்த மதிப்புகளும் அச்சாகும். பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடியில் இருப்பதிலிருந்து மேலே இருப்பது வரை வரையப்படுவதால், கடைசியாகத் தெரியும் பொருளுக்கு அடுத்ததைச் சந்தேகிக்கலாம்.

காலக்கெடு நெருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது, வளைவுப் பொறுப்பை ஏற்றினாலோ பக்கம் முழுவதையும் படமாக்கினாலோ வேலை முடிந்துவிடுமே என்பார்கள். முடியும்தான். ஆனால் பொறுப்பை அதிகம் ஏற்றினால் வட்டங்களில் பட்டை விழும். படமாக்கினால் சிறு எழுத்தின் விளிம்பு கெடும், ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை அச்சிடும் ஓவர்பிரிண்ட் அமைப்பு போய்விடும். நின்றுபோன வேலை கண்ணுக்குத் தெரியும். இந்தக் கேடுகள் பிளேட் ஏறிய பிறகே தெரியும். எழுத்துரு கிடைக்காவிட்டால் பல ரிப்புகள் நிற்காமல் கூரியர் எழுத்துருவை இட்டுத் தொடர்வதும் இந்த வகைதான். எந்தப் பிழையையும் விட அது ஆபத்தானது.

பிடிஎஃப் வந்த பின் இது பழங்கதை என்பது வலுவான மறுப்பு. சுழற்சியும் நிபந்தனையும் இல்லாத வடிவம் அது; ஒரு பக்கத்தைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம். பாதைக்கான நிலையான வரம்பை இரண்டாம் நிலை போஸ்ட்ஸ்கிரிப்டே நினைவகத்தோடு பிணைத்துத் தளர்த்திவிட்டது. இருந்தும் பிடிஎஃப்பை நேரடியாக இயக்கும் அடோபி பிடிஎஃப் பிரிண்ட் எஞ்சின் 2006இல்தான் வந்தது. உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றி இயக்கும் பழைய ரிப்புகளுக்கு ஒளிபுகுதன்மை தெரியாது. அதைத் தட்டையாக்கும்போது பக்கம் நூற்றுக்கணக்கான வெட்டுப்பாதைத் துண்டுகளாகலாம். வடிவமைப்பாளர் வைத்தது ஒளிபுகும் ஒரு மெல்லிய நிழல். ரிப்பின் பதிவில் வருவது அவர் கேள்விப்பட்டிராத ஒரு கட்டளையின் பெயர். அந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிழையின் பெயரை அல்ல, தட்டையாக்கிய பின் அந்த நிழல் எத்தனை துண்டானது என்பதை.