தஞ்சைக் கல்வெட்டுப் பொன்னும் கோலார் தங்கவயலும்: பர்னலின் கருத்துக்கு ஒரு மறுப்பு

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னல், பெரிய கோயில் கல்வெட்டுகளை வைத்து ஒரு கருத்தை எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் மிகுதியாகப் புழங்கிய விலையுயர்ந்த உலோகம் பொன்னே. வெள்ளி அருகியே இருந்தது. போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் அது பரவலாயிற்று என்பது அவர் முடிவு. 1880ஐ ஒட்டி வயநாட்டிலும் மைசூரிலும் தங்கக் கம்பெனிகள் முளைத்தபோது, தென்னிந்தியச் சுரங்கங்களின் பழைய வளத்துக்குச் சான்றாக இதையே எடுத்தாண்டார்கள். சோழர் கங்கபாடியைப் பிடித்ததே கோலார்ப் பொன்னுக்காகத்தான், தஞ்சைக்கு வந்தது அந்தப் பொன்தான் என்று இன்று பலரும் சொல்வது இதன் நீட்சி. கல்வெட்டுகள் இந்தச் சுமையைத் தாங்கா.

பர்னலுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அவர் 1882இல் காலமானார். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷின் தஞ்சைக் கல்வெட்டுப் பதிப்பு 1891 முதல்தான் வெளிவந்தது. முழுப் பதிப்பும் கையில் கிடைத்தபின் வெள்ளி பற்றிய அவர் கூற்று நிற்கவில்லை. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவற்றை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கூட்டிக் காட்டினார்: பொன் ஏறத்தாழ 41,500 கழஞ்சு, வெள்ளி 50,000 கழஞ்சுக்கும் மேல். எடையில் வெள்ளியே கூடுதல். வெள்ளி அரிதாக இருந்த நாட்டில் ஒரே கோயிலுக்கு இவ்வளவு வந்து சேருமா? பொன் மலிந்திருந்தது, ஆகவே சுரங்கம் அருகில் இருந்தது என்ற அனுமானத்தின் முதற்படியே இங்கு ஆட்டம் காண்கிறது.

அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்வெட்டே சொல்கிறது. பர்னலின் கருத்தைத் திருப்பிச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. தஞ்சை எழுத்தர்களின் கணக்குச் சுத்தம் வியப்பூட்டுவது. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள். நகைகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறு கல். ஒரு நகையின் நிறையில் அரக்கும் செப்பாணியும் சேர்ந்தனவா, சரடு நீக்கப்பட்டதா என்பது வரை எழுதிவைத்தார்கள். இவ்வளவு கறாரானவர்கள், ராஜராஜன் கொடுத்த பொற்கலங்களுக்கும் வெள்ளிக் கலங்களுக்கும் மூலமாகக் குறிப்பிடுவது, சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கைப்பற்றிய பண்டாரங்களை. பொற்பூக்களைப் பற்றிய இடத்தில் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று திரும்பிய செய்தி வருகிறது. கங்கபாடியும் நுளம்பபாடியும் மெய்க்கீர்த்தியில் வென்ற நாடுகளாக இடம்பெறுகின்றன. ஆனால் கோயிற்பொன்னின் பிறப்பிடமாகக் குவளாலம், அதாவது கோலார், வரவில்லை. மன்னன் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு மூலத்தை இந்த எழுத்தர்கள் விட்டுவிட்டார்கள் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

மலைநாடு என்பதற்குள் வயநாடும் நிலம்பூரும் அடங்குமே, அங்கே ஆற்றுமணலில் பொன் அரித்தார்களே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. சேரன் பண்டாரத்தில் ஒரு பங்கு அப்படி வந்திருக்கவும் கூடும். ஆனால் மேலைக்கடற்கரை மிளகு வணிகத்தால் வாழ்ந்த நாடு அது. கடல்வழி வந்த பொன்னும் அதே பண்டாரத்தில்தான் சேர்ந்தது. இரண்டையும் பிரித்தெடுக்கக் கல்வெட்டில் வழியில்லை. வழியிருந்தாலும் அது கோலாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

கோலார்ப் பக்கம் என்ன இருக்கிறது? சோழர் ஆட்சியில் அப்பகுதி நிகரிலிச் சோழமண்டலம்.  கோலாரம்மன் கோயிலின் தமிழ்ச் சாசனங்களை ரைஸ் 1905இல் எபிகிராபியா கர்நாடிகாவின் பத்தாம் தொகுதியில் பதிப்பித்தார். சாசனங்களில் பிடாரியார் கோயில் எனப்படும் இக்கோயிலில் செங்கல்லாக இருந்த பகுதிகள் ராஜேந்திரன் காலத்தில் கற்றளியானதை ஒரு சாசனம் சொல்கிறது. முதற் குலோத்துங்கனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த இன்னொன்று படித்தரங்களை நீளமாக அடுக்குகிறது; இலக்கணம் சொல்பவருக்கும் அதில் பங்குண்டு. சுரங்கத்தையோ, சுரங்க வரியையோ, பொன் எடுக்கும் குடிகளையோ இவற்றில் நான் காணவில்லை. இல்லாததை வைத்து வாதிடுவது பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தங்கவயல் அங்கிருந்து 30 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அரசுக்குப் பொன் கொட்டும் சுரங்கம் அவ்வளவு அருகில் இருந்திருந்தால், இவ்வளவு விரிவான வரவுசெலவில் அதன் சுவடு ஓரிடத்திலாவது தட்டுப்பட்டிருக்க வேண்டும். பழைய குழிகள் அங்கே இருந்தது உண்மை.  ஆனால் சோழர் காலத்தில் அவற்றில் பொன் எடுத்தார்கள் என்பது இன்றைய நிலையில் ஊகமே.

அங்கே பொன் எடுத்ததை நேரில் கண்டவரின் உறுதியான சான்று 1802க்குரியது. மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் மக்கள் பொன் எடுப்பதைப் பார்த்தார். ஆண்கள் குழியிலிருந்து கல்லை ஏற்றினார்கள், பெண்கள் இடித்து அரித்தார்கள். அவர்கள் பறையர்கள் என்று வாரன் குறிக்கிறார். சோழப் பெருமை பேசும் எழுத்துகளில் காணாமல் போவது இவர்கள்தான். 1870களில் லாவெல் என்பவர் சுரங்க உரிமம் பெற்றதும், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி நுழைந்ததும் பலரும் எழுதியவை. பிறகு வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் வறண்ட மேட்டில் ஒரு தமிழ் நகரத்தை எழுப்பினார்கள். குடிநீருக்கே பேத்தமங்கலத்து ஏரியை நம்பிய ஊர் அது. அதன் மாரிக்குப்பத்தில் 1907இல் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை தொடங்கியது. அவர் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 1926 முதல் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்தே நடத்தினார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது.

தஞ்சைக்கும் தங்கவயலுக்கும் தொடர்பே இல்லை என்பது என் கட்சியல்ல. ஐயத்துக்கு இடமில்லாத தொடர்பு ஒன்று உண்டு; அது காவிரி வழியாக வந்தது. 1902 ஜூனில் சிவசமுத்திரத்து மின்சாரம் 92 மைல் கம்பிவழி சென்று சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. கோடையில் ஆறு வற்றினால் மின்சாரம் குறைந்தது. மின்சாரம் தருவதாகச் சுரங்கக் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கைக் காக்க மைசூருக்குத் தேக்கிய நீர் தேவைப்பட்டது. 1911இல் காவிரியின் குறுக்கே கன்னம்பாடி அணையின் வேலை தொடங்கியதற்கு மைசூரின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா காட்டிய காரணங்களில் பாசனத்தோடு இதுவும் ஒன்று. தஞ்சை டெல்டாவின் பழைய உரிமையைச் சொல்லி மதராஸ் எதிர்த்தது. 1914இல் நடுவர் கிரிஃபினின் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்தது. மதராஸ் மேல்முறையீடு செய்தது. 1924 பிப்ரவரி 18இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மதராசுக்குக் கிடைத்த 3,01,000 ஏக்கர் புதுப்பாசனத்துக்காகவே 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. கல்லணைக் கால்வாயும் வடவாறு நீட்டிப்பும் வெட்டப்பட்டன. மன்னார்குடி வட்டாரத்து வயல்களில் ஒரு பகுதி அந்த நீட்டிப்பில்தான் பாய்கிறது.

கன்னம்பாடியின் முதற்கட்டத்தில் சுரங்க மின்சாரத்துக்கு எவ்வளவு பங்கு, மண்டியாப் பாசனத்துக்கு எவ்வளவு பங்கு என்று நிறுத்துப் பார்ப்பது தனி வேலை. மைசூர் தரப்பு தேவைக்கேற்ப இரண்டையும் மாற்றிமாற்றி முன்வைத்திருக்கிறது. மின்சாரத்தின் பங்கே முதலில் கனத்தது என்பது என் கணிப்பு. அணைக்கு முன்பே கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தது. பெரும் பாசனக் கால்வாய் பின்னால்தான் வந்தது.