மஞ்சள் பெட்டி முதல் பலாப்பழம் வரை

வரைகலையின் பயன் யாது என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டால் விளம்பரம், நூலட்டை, திரைப்படச் சுவரொட்டி என்று அடுக்குவர். நாமும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகிறோம். கோடிக்கணக்கான எளிய மக்களுக்கு ஓர் உரிமையை மெய்யாகவே கையில் கொண்டுசேர்த்த வரைகலைப் பணி ஒன்று இந்நாட்டில் நடந்திருக்கிறது. தேர்தல் சின்னங்களே அப்பணி.

சேலம் அம்மாபேட்டை தறிகளின் ஊர். கட்டமிட்ட தாளில் வரைந்த பூவேலையை நோக்கி, இழை பிசகாமல் அதைக் கரையிலும் முந்தியிலும் கொண்டுவருவது நெசவின் நுட்பம். முந்தைய தலைமுறை நெசவாளர் பலர் பள்ளிப் படிப்பு அறியாதவர். ஆயினும் படத்தை வாசிப்பதில் தேர்ந்தவர். சுதந்திர இந்தியா அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியபோது இத்தகையோரின் கண்ணையே நம்ப வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் 18.33 விழுக்காட்டினரே.

இச்சிக்கல் அதற்கு முன்பே தலைகாட்டியதுதான். 1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தேர்தலில், சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளுக்கு உட்பட்ட சிலர்க்கே வாக்கு இருந்தது. அப்போதும் வண்ணப் பெட்டிகள் தேவைப்பட்டன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. காந்தியின் பெயரும் மஞ்சள் பெட்டியும் இணைந்தே பிரசாரத்தில் ஒலித்தன. 215 இடங்களில் 159ஐக் காங்கிரசு வென்றது. ஆயினும் வண்ணத்திற்கு எல்லை உண்டு. ஐயமின்றிப் பிரித்தறியத்தக்க நிறங்கள் சிலவே. வேட்பாளர் பெருகினால் அவை போதா.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 17.3 கோடி. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். பூட்டிய இரட்டைக் காளை, ஆலமரம், குடிசை, கதிரும் அரிவாளும் என உழவும் ஊரும் அறிந்த பொருள்களே படங்களாயின. வாக்காளர் மறைவிடத்துள் சென்று தாம் விரும்பிய பெட்டியில் தாளை இட்டு வந்தார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பண்ணையாரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ தம் தெரிவைச் சொல்லித்தான் வாக்களிக்க முடியும் என்றிருந்தால் இரகசிய வாக்கு என்பது ஏட்டளவில் நின்றிருக்கும். அந்த இரகசியத்தைக் காத்தது ஒரு சிறு படம் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

பெட்டி முறையிலும் குறை இருந்தது. தாளில் எக்குறியும் இடப்படாமையால் அதைப் பெட்டியில் இடாமல் வெளியே கொண்டுசென்று விற்க இயன்றது. 1962 பொதுத்தேர்தலில் அச்சிட்ட வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை நாடெங்கும் வந்தது. பெட்டிமேல் பெரிதாக நின்ற படம் சீட்டின் ஒரு வரிக்குள் ஒடுங்க நேர்ந்தது. கறுப்பு மையில், மட்டமான தாளில், கட்டைவிரல் அளவில் அச்சானாலும் அது அடையாளம் தெரிய வேண்டும். பக்கத்து வரிப் படத்தோடு மயங்கவும் கூடாது.

தேர்தல் ஆணையத்தில் இவ்வோவியங்களைத் தீட்டியவர் எம்.எஸ்.சேத்தி. 1950இல் பணியில் சேர்ந்து 1992இல் ஓய்வுபெற்றவர். அன்றாடப் பொருள்களைப் பென்சிலால் எளிய கோட்டுருவங்களாக வரைந்தார். அக்கோட்டுருவங்கள் எளிமையாக இருந்தமையால்தான் நம் ஊர்ச் சுவரெழுத்து ஓவியர்களும் சுண்ணாம்புச் சுவரில் அவற்றைத் தவறின்றிப் பெயர்த்தெழுத முடிந்தது. படிக்காத பாட்டியும் உதயசூரியனையும் இரட்டை இலையையும் பெயர் சொல்லி அறிந்தது இவ்வழியே.

இச்சின்னங்கள் நன்மை மட்டுமே செய்தன என்று கூறுவதற்கில்லை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வென்ற இரட்டை இலை, 1989 சட்டமன்றத் தேர்தலில் முடக்கப்பட்டது. ஓரணி சேவலிலும் மற்றோரணி இரட்டைப் புறாவிலும் நின்று தோற்றன. வாக்காளருக்கு உதவ வந்த படம் கட்சியின் பெருஞ்சொத்தாகிவிட்டது. கொள்கையை ஆராயாமல் படத்துக்கே வாக்களிக்கும் பழக்கமும் வளர்ந்தது. 1996இல் நம் அண்டைப் பகுதியான மொடக்குறிச்சியில் விவசாயிகளின் கோரிக்கைகளை முன்வைத்து வேட்பாளர்கள் குவிய, களத்தில் இருந்தோர் 1,033 பேர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று. ஆயிரம் பெயர்களுக்கிடையே ஒரு படத்தைத் தேடுவது கற்றவர்க்கும் கடினம். பார்வைக்குரிய வரைகலை ஓரளவுக்கு மேல் சுமை தாங்காது என்பதை அது காட்டிற்று.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 80 விழுக்காடு. இனிச் சின்னம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் எஞ்சிய ஐந்தில் ஒருவரை விட்டுவிட இயலாது. எழுத்தறிந்த முதியோருக்கும் பொடி எழுத்து எட்டுவதில்லை. 2024இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் போட்டியிட்டார். அதே பெயர் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தனர். அங்கே பெயரை வாசிக்கத் தெரிந்தவரும் பலாப்பழத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஓவியம் பற்றியும் அச்சுக்கலை பற்றியும் எழுதும் நம் இதழ்கள் இக்கோட்டுருவங்களைப் பொருட்படுத்தியதில்லை. கலைக்கூடங்களில் இடம்பெறாத இவையே நம் மக்கள் மிகுதியும் கூர்ந்து பார்த்த ஓவியங்கள். தமிழகக் காட்சிக்கலை வரலாறு எழுதப்படும்போது சேத்தியின் பென்சிலுக்கும் பெயர் தெரியாத நம் சுவரெழுத்து ஓவியர்களின் தூரிகைக்கும் அதில் ஓர் அத்தியாயம் இருத்தல் வேண்டும்.