வெண்மதுவில் கலந்த கடல்நீர்

களுதாவளையின் வெற்றிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புறநானூறு கற்பிப்பது தனி அனுபவம். 56ஆம் பாட்டிலே நக்கீரர், யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகின்றார். இரப்போர்க்குக் குறைவின்றி ஈயவும் சொல்கின்றாராகையால் புலவரை நாம் குறைகூறோம். ஆனால், விடியுமுன் கிணற்றுநீர் இறைத்துக் கொடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்த மாணவன் ஒருவன், அம்மதுவைப் பிழிந்தவர் யார் என்று கேட்டான். கலம் என்பது கப்பலா குப்பியா என்று வாதிட்டுவந்த நமக்கு அக்கேள்வி தோன்றியதேயில்லை!

பாட்டில் விடையில்லை, மண்ணில் ஓரளவு உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வு, மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகையைச் சேர்ந்தவையும் பின்னர் இனங்காணப்பட்டன. இரண்டு தண்டுகளை ஒட்டவைத்தாற்போன்ற கைப்பிடியே அவற்றின் அடையாளம். பாண்டியன் உண்டது கோஸ் மதுவே என்பதற்கு ஆதாரமில்லை. எனினும் அவ்வகைச் சாடிகள் தமிழகக் கரையில் இறங்கியது உண்மை.

கோஸ் மதுவின் தனித்தன்மை, அதிற் கலந்த கடல்நீர். அதன் மதிப்போ பெரிது. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோம நிலவுடைமையாளன் கேட்டோ, இத்தாலியத் திராட்சையைக் கொண்டு கோஸ் மது செய்யும் முறையை எழுதிவைத்தான். உப்புநீரைத் திராட்சைச்சாற்றில் கலக்க யாருக்குத் தோன்றியது? கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ 14ஆம் பகுதியில் விடை தருகின்றார். அடிமை ஒருவன் மதுவைத் திருடினானாம். குறைந்த அளவை நிரப்பக் கடல்நீரை ஊற்றினானாம். அதுவே வழக்கமாகி, வெண்சாற்றிலும் கலக்கப்பட்டு, ‘லியூகோகோவம்’ என்னும் வெண்மதுவாயிற்று. எசமானரின் தேர்ந்த நாவுக்கு அடிமையின் தந்திரம் சுவையாய்ப் போயிற்று!

திருட்டு என்கின்றார் பிளினி. அதே கேட்டோவின் நூலைப் புரட்டினால், பண்ணையடிமைக்கு அறுவடைக்குப் பிந்திய மூன்று மாதங்களும் உரிய பானம் எதுவென்று காண்கின்றோம்: பிழிந்தெடுத்த திராட்சைச் சக்கையில் தண்ணீர் விட்டு எடுத்தது. முதுமையடைந்த அடிமையைக் கிழட்டு மாட்டோடு சேர்த்து விற்றுவிடும்படி அறிவுரை கூறுவதும் அந்நூலே.

மறுநாள் வகுப்பில் இவ்வளவும் சொன்னோம். அந்த அடிமையின் பெயரென்ன என்று அம்மாணவன் கேட்டான். பிளினி அதை எழுதவில்லை என்றோம்.