ஏடு ஏன் சாகவில்லை?

உள்ளங்கைக் கருவிக்குள் உலகமே அடங்கிவிட்டது, இனி அச்சேடு எதற்கு என்று கேட்போர் பெருகிவிட்டனர். கேட்கட்டும்! கேள்வியைக் குற்றமெனக் கருதும் கூட்டமல்லர் நாம். ஆனால் கேட்டவர் விடையையும் பெற்றுச் செல்லவேண்டும். அந்த விடை வரலாற்றிலே இருக்கிறது.

1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டில் 'குடி அரசு' வார இதழ் பிறந்தது. எழுத்தறிந்தோர் மிகச் சிலரே வாழ்ந்த காலம். அப்படியிருந்தும் அந்த ஏடு ஊர் ஊராகப் பரவியது எவ்வாறு? ஒருவர் வாங்கினார், ஒருவர் படித்தார், பலர் கேட்டனர். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும், பின்னாளில் தெருவுக்குத் தெரு முளைத்த படிப்பகத்திலும், உரக்கப் படித்துக் காட்டுவோர் இருந்தனர். எழுத்தறியாதவர் இடைமறித்துப் பொருள் கேட்பார்; படித்தவர் நிறுத்தி விளக்குவார்; மற்றொருவர் மறுப்பார்; வாதம் மூளும்! தனித்தனியே திரைமீது கவிழ்ந்து கிடக்கும் தலைகளுக்கு இந்தச் சுவை கிட்டுமா?

அந்த இதழின் 1933 அக்டோபர் 29 தலையங்கத்துக்காக வெள்ளையர் அரசு வழக்குத் தொடுத்தது. எழுதிய பெரியாரும், இதழை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை ஏகினர். 'குடி அரசு' நின்றது, 'புரட்சி' எழுந்தது. அதற்கும் தொல்லை வர, 1934-இல் 'பகுத்தறிவு' வந்தது. ஏட்டின் பெயரைத் தடுக்கலாம். அச்சாகி, அஞ்சலேறி, எண்ணற்ற இல்லங்களுக்குள் புகுந்துவிட்ட தாளைத் திரும்பப் பெற எந்தச் சட்டத்தால் முடியும்? பகைவன் மட்டுமல்ல, எழுதியவரே நினைத்தாலும் அதில் ஒரு வரியை மாற்ற இயலாது. திரையிலோ காலையில் கண்ட வரி மாலையில் மறைந்துபோகலாம். மறைத்தவர் எவர் என்பதும் தெரியாமற் போகலாம்.

தணிக்கையாளரின் கத்தரிக்கோலையும் ஏடு கண்டிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 சனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. கைதானோர் பெயரை வெளியிட வழியில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அவருடைய நினைவிடத்தில் மலர் வைக்க வர இயலாதோர் என்று ஒரு நீண்ட பட்டியலை 'முரசொலி' வெளியிட்டது! தணிக்கையாளர் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. படித்தவர்களுக்கோ, சிறைப்பட்ட தோழர்களின் பெயர்ப் பட்டியல்.

இனி, எழுத்தின் கதை. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை' முதலியன அச்சுக் கோப்போருக்குத் தனித்தனி ஈய அச்சுகளாக இருந்து பெருந்தொல்லை தந்தன. 1935-இல் 'குடி அரசு' அவற்றை எளிமையாக்கியது. நகைத்தவர் பலர். 1978-இல் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் சீரமைந்த வடிவை ஏற்றது. வார ஏட்டின் அச்சுக்கூடத்திலே பழகிய எழுத்து, 43 ஆண்டுகள் சென்று பள்ளிப் பாடநூலுக்கு வந்து சேர்ந்தது! அந்த 1935 இதழை இன்று நீட்டினால் பத்து வயதுச் சிறுமி படித்துவிடுவாள்.

1990-களில் இணையத்தில் ஏறிய தமிழ்ப் பக்கங்களின் கதி என்ன? தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு, வேறு குறியீட்டு முறை. அக்குழப்பம் தீர 1999-இல் டாம், டாப் என்னும் தரங்களை அரசு வகுத்தது. பிறகு ஒருங்குறி வந்து நிலைபெற்றது. அன்று எழுதிய பக்கத்தைப் பழைய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால், பொருளற்ற குறிகள்தாம் தென்படும். இருபத்தைந்து ஆண்டுக்குள் இந்த நிலை! தாளைப் படிக்கக் கண்ணும் சிறிது வெளிச்சமும் போதும்.

அதற்காகக் கணினியைப் பழிப்பது நம் வேலையன்று. தாளுக்குக் கரையான் உண்டு. நாள்பட்டால் தொட்டவுடன் உதிரும். காகிதத்துக்குக் கற்பூரம் காட்டும் பக்தி நமக்கெதற்கு? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் நூல், இதழ், நாடக அறிவிப்பு, அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஓரிலட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது, கப்பலேற்றவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரால் நூலகம் எழுந்தது. நொறுங்கும் ஏடுகளை நுண்படச் சுருளில் பதிந்தனர்; பிறகு மின்படியும் வந்தது. இன்று நம் கருவியில் ஒளிரும் பழைய இதழின் ஒவ்வொரு பக்கமும், யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் காத்த தாளிலிருந்து வந்ததுதான்.

ஊர்ப் படிப்பகத்துப் பரணிலே தூசு படிந்த கட்டுகள் இன்னும் கிடக்கக்கூடும். தோழர்கள் அவற்றை இறக்கி, ஒவ்வோர் இதழின் பெயரையும் நாளையும் குறித்து, நூலகத்தாருக்கு எழுதட்டும். பழைய தாள் வாங்குபவர் தெருவுக்குள் வருமுன் எழுதட்டும்.