கேட்டு வாங்கிய உதவித்தொகை: ஒரு சிறு வரலாறு

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, என் வேலை சம்பந்தமாக எதையாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சமயத்தில் கீழ்புத்துப்பட்டுக்கு, என் ஊருக்குப் போயிருந்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வழிமறித்து, "தம்பி, பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு. ஸ்காலர்ஷிப் ஸ்காலர்ஷிப்னு சொல்றாங்களே, அதை யாருகிட்டப் போயி கேக்கறது?" என்றார். இந்தக் கேள்வி இன்று நேற்று பிறந்ததல்ல.

கணிதமேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் அது பறிபோனது. அவருடைய தாயார் கோமளத்தம்மாள் பிரின்ஸ்பாலிடமே போய் நியாயம் கேட்டார். சட்டம் சட்டம்தான் என்று ஆகிவிட்டது. படிப்பு பாதியில் நின்றது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913இல் வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1905இல் ஒரு தாயின் சொல்லுக்குத் திறக்காத கதவு, விஷயம் தெரிந்த ஒருவர் எழுதியதும் திறந்தது.

அதே 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் அம்பேத்கர். மன்னர் மனம் வைத்தார், ஒருவர் படித்தார். ஆனால் அம்பேத்கர் அதோடு விடவில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேல்படிப்புக்கு அரசாங்கமே பணம் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டார். 1944இல் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் வந்தது. ஒருவர் தயவில் கிடைத்தது, அன்றுமுதல் விண்ணப்பம் போட்டுக் கேட்கும் உரிமையாக மாறத் தொடங்கியது. இன்றைக்கும் அது நடப்பில் உள்ளது.

தமிழ்நாட்டில் 2010இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. அந்த வருஷம்தான் நான் கவுன்சலிங் போனேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் டிகிரி வாங்கியதில்லை. ஆனால் அப்படி ஒரு சலுகை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தெருவில் ஒரு அக்கா பேப்பரில் படித்துச் சொன்னதால், அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு தாலுக்கா ஆபீசுக்கு அலைந்து சான்றிதழ் வாங்கினார். அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் இந்த மலரில் என் பெயர் இருக்காது.

எங்கள் ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளும் எங்களோடு அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். மார்க்கும் எங்களை விடக் குறைவில்லை. ஆனால் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை போன்றவை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், ஃபாரத்தின் முதல் பக்கத்திலேயே அவர்கள் நின்றுவிட வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில்தான், முகாம் பிள்ளைகளில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேரின் பொறியியல் படிப்புக்கும் விடுதிக்கும் ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. 1983இல் கடல் கடந்து வரத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்த அறிவிப்பு அது.

அதே 2021இல், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடமும், அப்படிச் சேர்பவர்களுக்குக் கல்வி, விடுதிக் கட்டணமும் என்று ஏற்பாடானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று விஷயம். ஒன்று, வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்; அட்மிஷனுக்கு முன்பே புதிதாக வாங்கி வையுங்கள். இரண்டு, பணம் நேராக உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு வரும். ஆதார் அதோடு இணைந்திருக்கிறதா என்று பேங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று, முதல் வருஷம் கிடைத்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புதுப்பிக்க வேண்டியதை வருஷா வருஷம் புதுப்பியுங்கள்.

பழைய மாணவர்களான நமக்கு ஒன்றே ஒன்று. மரக்காணம் பக்கத்து உப்பளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும், கூலி இருக்காது. அந்த மழை முடியும் நேரத்தில்தான் இரண்டாம் செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். படிப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் எழுவது அப்போதுதான். நம் சங்கத்தில் நாலு பேர் பொறுப்பெடுத்து, ஜூன் மாதமே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஃபாரம் நிரப்பிக் கொடுத்தால், அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

அந்த அண்ணன் மகளுக்கு நான் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன். அடுத்த வருஷம் இந்த வேலைக்கு என்னோடு யார் யார் வருகிறீர்கள்?